ஏணியில் ஓர் ஆரஞ்சுக் கறை

அந்தத் தெருவில் குடியிருக்கும் எல்லோருடைய முகத்தையும் ஒரு தடவையாவது போட்டோக்கா துடைத்துவிட்டிருப்பாள். ஈரத்துணியால் அல்ல, கம்ப்யூட்டரில். அடையாள அட்டைக்கோ வேலை விண்ணப்பத்துக்கோ யார் வந்து அவள் கடையின் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தாலும் சரி, படம் அச்சாகி வரும்போது முகப்பரு இருக்காது, கண்ணுக்குக் கீழே கருவளையம் இருக்காது, காதோரம் சிலிர்த்து நிற்கும் ஒற்றை முடியும் இருக்காது. யாரும் கேட்டுக்கொண்டு செய்வதில்லை. இருபத்திரண்டு வருடமாக அந்தக் கைக்கு அதுதான் பழக்கம். புள்ளியைக் கண்டால் துடைக்கும், கோட்டைக் கண்டால் துடைக்கும். மூளையிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்காது.

ஒரே ஒரு தடவை அந்தக் கை அதிகப்பிரசங்கித்தனம் செய்துவிட்டது. ஒரு லாரி டிரைவரின் இடது கன்னத்தில் இருந்த மச்சத்தைத் தூசி என்று நினைத்து எடுத்துவிட்டாள். விண்ணப்பத்தில் அடையாளக் குறி என்று அந்த மனிதர் எழுதிக் கொடுத்திருந்ததே அந்த மச்சத்தைத்தான். அலுவலகத்தில் 'இது நீங்க இல்லையே' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் நேராகக் கடைக்கு வந்து, கோபப்படக்கூடத் தோன்றாமல், "என் மச்சத்தைத் திருப்பிக் குடும்மா" என்று கேட்டார். தெரு ஒரு மாதம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அன்றிலிருந்து எந்தப் படத்தில் கை வைப்பதற்கு முன்பும் ஒரு நகலைக் கம்ப்யூட்டரில் 'அசல்' என்று பெயரிட்ட தனிப் பெட்டகத்தில் போட்டு வைப்பாள். அந்தப் பெட்டகத்தை அவள் திறந்து பார்த்ததே கிடையாது. ஆனாலும் போட்டு வைப்பாள்.

கீழே கடை, மேலே இரண்டு அறை. கணவர் சரக்குக் கப்பலில் எந்திரம் பார்ப்பவர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து, தன் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி சோப்பு எங்கே இருக்கிறது என்று கேட்பார். அதனால் வருடத்தில் பெரும்பகுதி அந்த வீட்டில் இரண்டே பேர்தான். போட்டோக்காவும், அவளுக்குப் பதினோரு வயது இளைய தங்கையும்.

தங்கையை எல்லோரும் உச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். நடக்கப் பழகுவதற்கு முன்பே பீரோவின் மேல் ஏறி உட்கார்ந்தவள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையும் அப்படித்தான் இருந்தது. தெருவுக்கு எதிரே நான்கு கட்டடங்கள் கொண்ட பெரிய குடியிருப்பு எழும்பிக்கொண்டிருந்தது. அதன் நடுவே நிற்கும் கோபுரக் கிரேனை ஓட்டுபவள் உச்சி. பதிமூன்று மாடி உயரத்தில், ஓர் ஆள் உட்காரும் இரும்பு அறைக்குள் இருந்துகொண்டு, கம்பிக்கட்டையும் கான்கிரீட் தொட்டியையும் குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல இறக்கி வைப்பாள். கடை மாடியில் சாமான் போட்டு வைக்கும் அறையின் ஜன்னலைத் திறந்தால் கிரேன் முழுசாகத் தெரியும். காலையில் உச்சி ஏறி முடித்ததும் விளக்கை இரண்டு தடவை அணைத்துப் போடுவாள். அதைப் பார்த்த பிறகுதான் போட்டோக்கா கடை ஷட்டரைத் தூக்குவாள்.

இடி மழைக் காலம் தொடங்கிய முதல் வாரத்தில் ஒரு நாள் உச்சி வேலை முடிந்து வந்து, செருப்பைக் கூடக் கழற்றாமல் அடுப்பங்கரை வாசலில் நின்றாள்.

"அக்கா, இன்னிக்கு ஏணி என் கையைக் கடிச்சுது."

"ஏணி கடிக்குமா? துரு ஏதாவது குத்தியிருக்கும்."

"துரு இல்லக்கா. இறங்கிட்டு இருக்கேன், எங்கேயோ பக்கத்துல பளிச்சுன்னுச்சு. ரெண்டு உள்ளங்கையிலயும் சுரீர்னு இழுத்துச்சு. பிடியை விட்டிருந்தா நேரா கீழதான்."

போட்டோக்கா கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டுத் தங்கையின் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு அடையாளமும் இல்லை.

விஷயம் இதுதான். கிரேனின் இரும்பு அறைக்குள் உட்கார்ந்திருக்கும்வரை மின்னலால் பெரிதாக ஆபத்தில்லை. கூண்டு அதை வெளியே வழியாகவே தரைக்கு இறக்கிவிடும். ஆபத்தெல்லாம் ஏணியில்தான். நடுநடுவே நின்று இளைப்பாறச் சிறு மேடைகள் கொண்ட நீள ஏணி, இறங்கி முடிக்கப் பத்து நிமிடம் ஆகும். ஆனால் சைட்டில் இருந்த விதி என்னவென்றால், மழை விழுந்தால் இறங்க வேண்டும். மழைத் துளி விழும் நேரத்தில் மின்னல் தலைக்கு மேல் வந்து உட்கார்ந்திருக்கும். எந்தப் பத்து நிமிடம் ஏணியில் இருக்கவே கூடாதோ, சரியாக அந்தப் பத்து நிமிடத்தில் ஏணியில் இருக்கச் சொன்னது அந்த விதி. முதல் இடி கேட்டதும் இறங்கிவிடலாமா என்று உச்சி கேட்டாள். முதல் இடிக்கும் முதல் துளிக்கும் நடுவே அரை மணி நேரம் வேலை போய்விடும் என்று மறுத்தவர் சைட் இன்ஜினியர்.

இன்ஜினியர் கெட்டவர் என்று சொல்ல முடியாது. வேலையாட்களின் பிறந்த நாளுக்குத் தானே கேக் வாங்கி வெட்டச் சொல்வார். ஆனால் கட்டடத்தை ஒப்படைக்க வேண்டிய தேதி என்று ஒன்று அவர் தோளில் ஏறி உட்கார்ந்திருந்தது. மறுநாள் உச்சி போய்ச் சொன்னபோது அவர் வரைபடத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"மின்னல் எல்லாம் அந்தப் பக்கம் செல்போன் டவர்லதாம்மா இறங்கும். இந்த ரெண்டு வருஷத்துல நம்ம சைட்டுக்குள்ள ஒரு தடவையாவது விழுந்திருக்கா? விழுந்திருந்தா காட்டுங்க, அன்னிக்கே ரூலை மாத்திடறேன்."

'காட்டுங்க' என்று அவர் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னார். போட்டோக்கா அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருடமாகக் காட்டுவதுதானே அவள் தொழில்.

முதலில் போனில் வீடியோ எடுத்துப் பார்த்தாள். திரையில் பாதி ஒரு நொடி வெள்ளையானது, மறு நொடி பழையபடி ஆனது. மின்னல் விழுந்தது செல்போன் டவரிலா, சைட்டிலா, பக்கத்து வீட்டுத் துணிக்கொடியிலா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு கடைக் கேமராவை மூன்றுகாலியில் பொருத்தி, சாமான் அறை ஜன்னல் ஓரம் வைத்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தாள். பளிச்சென்றதும் பொத்தானை அழுத்துவாள். மின்னல் அதற்குள் வந்த வேலையை முடித்துக்கொண்டு போயிருக்கும். எழுபத்திமூன்று படம் எடுத்தாள். எழுபத்திமூன்றும் மின்னல் போன பிறகு இருந்த வானம்.

"அக்கா, நீ இதை எல்லாம் சேர்த்து ஒரு ஆல்பம் போடு," என்றாள் உச்சி. "மின்னலே இல்லாத வானம்னு பேரு வை."

"நீ வாயை மூடிட்டு அந்த ஸ்டூலைத் தள்ளு."

இரவில் என்றால் இது ஒரு பெரிய வேலையே இல்லை. ஷட்டரைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்தால், மின்னல் எப்போது வந்தாலும் தானாக வந்து படத்தில் விழும். ஆனால் இரவில் கிரேன் ஓடாது. பட்டப்பகலில், வேலை நடக்கும்போது விழுந்தது என்று காட்டினால்தான் கணக்கு. பகலில் ஷட்டரை இரண்டு விநாடி திறந்து வைத்தால் வெளிச்சம் மடை திறந்த மாதிரி உள்ளே பாய்ந்து, படம் வெறும் வெள்ளைத் தாளாக வந்தது.

"வெளிச்சத்தைக் குறைக்கணும், அவ்வளவுதானே?" என்று சொல்லிவிட்டு, மறுநாள் உச்சி சைட்டில் வெல்டரிடமிருந்து முகமூடிக் கண்ணாடி ஒன்றை வாங்கி வந்தாள். நெருப்புப் பொறியையே கண் கூசாமல் பார்க்க வைக்கும் கறுப்புக் கண்ணாடி. ரப்பர் பேண்டு போட்டு லென்ஸின் முகத்தில் கட்டினார்கள். படம் வந்தது. வானம் பச்சை, கிரேன் பச்சை, நான்கு கட்டடமும் பாசி பிடித்த குளத்துக்கு அடியில் கிடப்பதுபோல் இருந்தன. சகோதரிகள் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். கண்ணாடி திரும்ப வெல்டரிடமே போய்ச் சேர்ந்தது.

கேமரா சாமான் விற்கும் கடைக்காரர்தான் வழி சொன்னார். "என்.டி. ஃபில்டர்னு கேளுங்கக்கா. வெயிலுக்கு நாம போடுற கறுப்புக் கண்ணாடி மாதிரிதான். கலரைத் தொடாது, வெளிச்சத்தை மட்டும் குறைக்கும்." கேட்டதும், வாங்குவது வாங்குகிறோம், நல்ல அழுத்தமானதாக இருக்கட்டும் என்று அறுபத்துநாலில் ஒரு பங்கு வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடும் கண்ணாடியாகப் பார்த்து வாங்கினாள். அங்கேதான் சறுக்கினாள். இருட்டுக் கண்ணாடிக்குப் பகல், மின்னல் என்று ஓரவஞ்சனை தெரியாது. வானத்தைக் குறைக்கும் அதே கணக்கில் மின்னலையும் குறைக்கும். வானமாவது ஷட்டர் திறந்திருக்கும் நேரமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து வந்துவிடும், கண் சிமிட்டும் நேரமே உயிரோடு இருக்கும் மின்னலுக்கு அந்தச் சலுகை கிடையாது. இரண்டு வாரம் கழித்து ஒரு படத்தில் மேற்கு மூலையில் வெள்ளையாக ஒரு இழை தெரிந்தது. அதை மின்னல் என்று அவள்தான் சொல்ல வேண்டும். பார்க்கிறவர்கள் முடி என்பார்கள்.

திரும்பக் கடைக்குப் போய், எட்டில் ஒரு பங்கு விடும் கண்ணாடியாக மாற்றி வாங்கி வந்தாள். மேகம் கறுத்த மதியத்தில் லென்ஸின் துளையைச் சுருக்கி அந்தக் கண்ணாடியைப் போட்டால், இரண்டு விநாடி ஷட்டரைத் திறந்து வைக்கலாம், படம் வெளுக்காது. ஒயர் வைத்த பொத்தானை அழுத்திப் பூட்டிவிட்டால் கேமரா ஒன்றன்பின் ஒன்றாக இரண்டிரண்டு விநாடிப் படங்களை எடுத்துக்கொண்டே இருக்கும். மின்னல் எந்த இரண்டு விநாடிக்குள் வந்தாலும் மாட்டிக்கொள்ளும். மொட்டை மாடியிலிருந்து எடுத்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்று ஒருநாள் கிளம்பினாள். உச்சி வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு விழாத மின்னலை நீ போய் வாங்கிக்கப் போறியா? ஜன்னலைத் தாண்டி ஒரு அடி வெச்சே, கேமராவைத் தூக்கிக் குப்பைல போட்டுருவேன்."

இப்படி எல்லாம் தயாரான பிறகுதான் போட்டோக்காவுக்கு இன்னொரு விஷயம் உறைத்தது. ஒவ்வொரு மதியமும் அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து எதற்காகக் காத்திருக்கிறாள்? அந்த சைட்டுக்குள் மின்னல் விழுவதற்கு. அங்கே இருப்பது யார்? அவள் தூக்கி வளர்த்த தங்கை. விழ வேண்டும் என்று நினைக்கும்போதே நெஞ்சு அடித்துக்கொள்ளும், விழக் கூடாது என்று நினைத்தால் இந்த விதி மாறவே போவதில்லை என்று தோன்றும். மேற்கே மின்னும்போதெல்லாம் ஒரு கண்ணை மூடிக்கொள்வாள். தன் வாழ்நாளில் இவ்வளவு கேவலமான ஒரு ஆசையைத் தான் ஆசைப்பட்டதில்லை என்று அவளுக்குத் தோன்றியது. இதைத் தங்கையிடம் அவள் சொல்லவில்லை.

ஆறாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அது நடந்தது. அரை மணி நேரமாக இடித்துக்கொண்டிருந்தது. தெருவில் முதல் துளிகள் புழுதியில் விழுந்து பொட்டு வைத்துச் சில நிமிடம் ஆகியிருந்தது. கேமரா இரண்டு விநாடிக்கு ஒருமுறை க்ளிக் க்ளிக் என்றபடி தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. மின்னாமல் முழங்காமல் வந்தது என்பார்களே, அதற்கு நேர் எதிர். அறை முழுவதும் வெள்ளையாகி, சத்தம் காதில் விழாமல் மார்பில் விழுந்தது. மேசையில் இருந்த டம்ளர் ஆடியது. போட்டோக்கா கேமராவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செருப்பில்லாமல் படியிறங்கி, கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு, தெருவைக் குறுக்கே கடந்து சைட் கேட்டுக்கு ஓடினாள்.

ஐந்து நிமிடம் கழித்து உச்சி நடந்து வெளியே வந்தாள். ஆரஞ்சுச் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. முகத்தில் ஈயாடவில்லை.

"மூணாவது மேடையை விட்டு இறங்கிட்டு இருந்தேன்," என்றாள். "பக்கத்துக் கட்டடத்து மேல நீட்டிட்டு இருக்கிற கம்பில விழுந்துச்சு. ஒண்ணும் ஆகலக்கா. அழாத."

போட்டோக்கா அழுதுகொண்டேதான் அவளைக் கூட்டி வந்தாள்.

கடையைச் சாத்திய பிறகு படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாள். கிடைத்துவிட்டது. கையும் களவுமாகக் கிடைத்துவிட்டது. கறுத்த வானத்திலிருந்து வெள்ளையாக ஒரு மின்னல் கிளைகளோடு இறங்கி, மூன்றாவது கட்டடத்தின் உச்சியில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளைத் தொட்டது. இடது பக்கம் கிரேன். கீழே சைட்டின் பெயர்ப்பலகை, நிறுத்தியிருந்த கான்கிரீட் லாரி. இது வேறு எங்கேயோ விழுந்தது என்று எவனும் வாய் திறக்க முடியாது. நாளைக்கே அச்செடுத்துக்கொண்டு போய் மேசையில் போட வேண்டும். போடுகிற படம் நன்றாக இருக்க வேண்டும் அல்லவா? நகல் ஒன்றை 'அசல்' பெட்டகத்தில் போட்டாள். துளையைச் சுருக்கி எடுத்ததால் வானத்தில் தூசிப் புள்ளிகள் சாம்பல் சாம்பலாகத் தெரிந்தன. அவற்றைத் துடைத்தாள். இருட்டுக் கண்ணாடிக்குள் வெளிச்சம் பட்டுத் திரும்பி அங்கங்கே நிறக் கறையாக விழும், முன்பும் விழுந்திருக்கிறது. அந்த மாதிரி இரண்டு மூன்றையும் துடைத்தாள். படம் கழுவி விட்டது போல இருந்தது.

மறுநாள் காலை சகோதரிகள் இரண்டு பேரும் இன்ஜினியரின் அறைக்குப் போனார்கள். தகர அறைதான், மேசை நிறைய வரைபடங்கள். படத்தை விரித்து வைத்ததும் இன்ஜினியர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

"அடேயப்பா. இதை நீங்களா எடுத்தீங்க? பகல்லயா?" வெகு நேரம் பார்த்தார். பிறகு கிரேன் பக்கம் விரலை வைத்தார். "ஆமா, சைட்டுக்குள்ளதான் விழுந்திருக்கு. ஒத்துக்கறேன். ஆனா ஏணியைப் பாருங்க, காலி. அதுக்கு முன்னாடியே ஆள் இறங்கியாச்சு. அப்போ நம்ம ரூல் சரியாத்தானே வேலை செஞ்சிருக்கு?"

"நான் ஏணிலதான் சார் இருந்தேன்," என்றாள் உச்சி.

"படத்துல இல்லையேம்மா. பயத்துல நேரம் முன்னப்பின்னத் தெரியும், தப்பில்ல."

போட்டோக்கா குனிந்து ஏணியைப் பார்த்தாள். கம்பிக் கோபுரத்துக்குள் மேலிருந்து கீழ்வரை ஏணி. நூல் பிடித்தாற்போல் சுத்தமாக இருந்தது. ஓர் ஆளும் இல்லை. தான் எடுத்த படம், தன் கேமரா. அவள் வாயிலிருந்து அந்தக் கேள்வி விழுந்தே விட்டது.

"நிஜமாவே ஏணியிலயாடி இருந்தே?"

உச்சி ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். இன்ஜினியர் அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்துத் தந்தால் அலுவலக வரவேற்பறையில் மாட்டலாம் என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். போட்டோக்காவுக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

அன்று காலை கிரேன் விளக்கு அணைந்து எரியவில்லை. கடையைத் திறந்தாள். திறக்காமல் இருக்க முடியாது, ஒன்பது மணிக்கே ஓர் அம்மாள் மகளோடு வந்து காத்திருந்தார். படம் எடுத்தாள். எடுக்கும்போது அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டாள். முகம் இழுத்துவிட்ட மாவு மாதிரி வந்தது. "அசையாம இரும்மா, அசைஞ்சா நீ கறையாத்தான் விழுவே" என்று சொன்னாள். தினமும் பத்து பேருக்குச் சொல்லும் வார்த்தை. சொன்ன பிறகு கை அப்படியே நின்றுவிட்டது.

கறை.

அந்த அம்மாளைக் கொஞ்சம் உட்காரச் சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரைத் திருப்பினாள். 'அசல்' பெட்டகத்தைத் திறந்தாள். நேற்றைய படத்தை எடுத்து, ஏணி இருக்கும் இடத்தைப் பெரிதாக்கினாள். மூன்றாவது மேடைக்குக் கீழே, ஓர் ஆள் உயரத்துக்கு, ஆரஞ்சு நிறத்தில் ஒரு மங்கல் கறை இருந்தது. அதன் ஊடே ஏணியின் படிகள் தெரிந்தன. ஷட்டர் திறந்திருந்த இரண்டு விநாடியும் இறங்கிக்கொண்டே இருந்தவள் வேறு எப்படி விழுவாள்? நேற்று அந்தக் கறையைத் தான் துடைத்தது இப்போது அவளுக்கு நன்றாக நினைவு வந்தது. மூன்றே தேய்ப்பு. கண்ணாடியில் பட்ட ஏதோ வெளிச்சம் என்று நினைத்து, உற்றுக்கூடப் பார்க்காமல் துடைத்திருந்தாள். மின்னலுக்குக் கீழே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற சொந்தத் தங்கையை, முகப்பருவைத் துடைக்கிற மாதிரித் துடைத்துவிட்டு, அதற்குப் பிறகு அவளையே பார்த்து நீ அங்கே இருந்தாயா என்று வேறு கேட்டிருக்கிறாள்.

வந்திருந்த அம்மாள் பதறிப்போய், "என்னம்மா, படம் சரியா வரலியா?" என்றார்.

"நல்லாத்தான் வந்திருக்குங்க," என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான்தான் சரியாப் பார்க்கல."

அந்த ஒரு படம் மட்டும் அல்ல. கேமரா பூட்டிய பொத்தானோடு விடாமல் எடுத்துக்கொண்டிருந்ததே. முந்தைய படத்தில் கறை கொஞ்சம் மேலே இருந்தது, அதற்கும் முந்தையதில் இன்னும் மேலே. மின்னலுக்கு அடுத்த படத்தில் கறை இல்லை. அங்கே உச்சி ஆரஞ்சுச் சட்டையும் ஹெல்மெட்டும் தெளிவாகத் தெரிய, ஏணியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பயத்தில் அசையாமல் நின்றதால் கேமராவுக்கு அவள் நன்றாகவே கிடைத்திருந்தாள். நேற்று மின்னல் கிடைத்த சந்தோஷத்தில் அதற்கு அடுத்த படத்தைத் திறந்து பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கேமரா, மூன்றுகாலி, இருட்டுக் கண்ணாடி, பதினொரு படங்கள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு சைட்டுக்குப் போனாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த உச்சியின் முன்னால் போய் நின்றாள்.

"நான்தான்டி உன்னை அழிச்சேன். என் கைதான். மன்னிச்சுக்கோ."

உச்சி படத்தை வாங்கிப் பார்த்தாள். ஏணியைக் கட்டிக்கொண்டு நிற்கும் தன்னை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு டப்பாவை மூடிவிட்டு எழுந்தாள். "லாரி டிரைவருக்கு மச்சம், எனக்கு மொத்த உடம்புமா?" என்றாள். குரல் இன்னும் சரியாகவில்லை. ஆனால் கேமரா பையை அக்காவின் தோளிலிருந்து வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

இன்ஜினியர் ஆரஞ்சுக் கறையைப் பார்த்துச் சந்தேகமாகத்தான் உதட்டைப் பிதுக்கினார். "இது ஆளுன்னு எப்படிங்க சொல்றது?"

"சார், அந்த ஜன்னலுக்கு முன்னாடி இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் ஒரு தடவை நடங்க."

"எதுக்கு?"

"நடங்களேன்."

தகர அறைக்குள் வெளிச்சம் நிறைய இருந்தது. அதே இருட்டுக் கண்ணாடி, அதே இரண்டு விநாடி. இன்ஜினியர் கொஞ்சம் கூச்சத்தோடு ஹெல்மெட்டைச் சரி செய்துகொண்டு நடந்தார். போட்டோக்கா கேமராவைத் திருப்பித் திரையைக் காட்டினாள். மேசை தெளிவாக இருந்தது, வரைபடங்கள் தெளிவாக இருந்தன, சுவரில் இருந்த கடிகாரத்தின் எண்கள் கூடத் தெரிந்தன. ஜன்னலுக்கு முன்னால் வெள்ளையாக ஒரு புகை மட்டும் இருந்தது. அதன் வழியே வெளியே நிற்கும் கிரேனும் தெரிந்தது.

"இதுதான் சார் நீங்க," என்றாள். "இதை வெச்சு இந்த ரூம்ல அப்போ யாருமே இல்லைன்னு நான் சொன்னா ஒத்துக்குவீங்களா?"

அவர் பதினொரு படங்களையும் வரிசையாக மேசையில் பரப்பி, கறை படி படியாகக் கீழே இறங்குவதை விரலால் தொடர்ந்தார். கடைசிப் படத்தின் ஓரத்தில் பதிந்திருந்த நேரத்தில் விரல் நின்றது. அந்தப் படத்தில் ஏணியைக் கட்டிக்கொண்டு நிற்பவளையும் எதிரே நிற்பவளையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த வாரம்தான் அவள் பிறந்த நாளுக்கு அவர் கேக் வெட்டியிருந்தார்.

"நேத்து நான் வாக்கி டாக்கில இறங்கச் சொல்லி அஞ்சு நிமிஷம்கூட ஆகாத நேரம் இது," என்றார் மெதுவாக. "நான்தான் சொன்னேன்."

விதி அன்றே மாறியது. முதல் இடி கேட்டதும் சங்கு ஊதும், கிரேன் நிற்கும், கம்பி கட்டுபவர்கள் உட்பட மேலே இருக்கிற எல்லோரும் இறங்குவார்கள் என்று எழுதி ஒட்டினார்கள். தேதி தள்ளிப் போனதற்கு இன்ஜினியர் மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டார் என்று கேள்வி. வரவேற்பறையில் படம் மாட்டவும் செய்தார். ஆனால் துடைத்த படத்தை அல்ல, கறையோடு இருக்கும் படத்தை. யாராவது அது என்ன ஆரஞ்சாக என்று கேட்டால் உட்கார வைத்து விளக்குவாராம்.

அதற்குப் பத்து நாள் கழித்து மறுபடி மேற்கே கறுத்தது. மூன்று மணிக்குத் தொலைவில் ஓர் இடி உறுமியதும் சங்கு ஊதியது. தெரு இன்னும் காய்ந்து கிடந்தது, வெயில் கூட முழுசாகப் போகவில்லை. கால் மணி நேரத்தில் உச்சி கடை மாடிக்கு வந்து, அச்சுத்தாள் பெட்டியின் மேல் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்துகொண்டு, அக்காவின் டீயில் பாதியைக் குடித்தாள். வேலை நேரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறோமே என்ற சந்தோஷம் அவள் முகத்தில் தெரிந்தது. கேமரா தன் பாட்டுக்கு இரண்டு விநாடிக்கு ஒரு க்ளிக் போட்டுக்கொண்டிருந்தது. இனி அதற்கு அவசியமே இல்லை, ஆனாலும் போட்டோக்கா அதைக் கழற்றவில்லை.

முதல் துளிகள் விழுந்து சில நிமிடத்தில் அது விழுந்தது. இந்தத் தடவை பக்கத்துக் கட்டடத்தில் அல்ல. கிரேனின் நெற்றியிலேயே விழுந்தது. இரண்டு பேரும் கண்ணால் பார்த்தார்கள். சத்தம் அடங்கியதும் உச்சி கையிலிருந்த டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"இந்நேரம் அஞ்சாவது மேடைல இருந்திருப்பேன்," என்றாள்.

போட்டோக்கா எழுந்து போய்க் கேமராவைத் திருப்பினாள். படம் விழுந்திருந்தது, இதுவரை எடுத்ததிலேயே நல்ல படம். கிரேனின் உச்சியிலிருந்து வானம் வரை வெள்ளை வேர் ஒன்று நின்றது. அவள் அதைப் பார்க்கவில்லை. ஏணியைத் திரையில் பெரிதாக்கினாள். மேலிருந்து கீழ்வரை, மேடை மேடையாக, படி படியாகத் தேடிக்கொண்டே வந்தாள்.

"என்னக்கா தேடுற? நான் இங்கதானே உட்கார்ந்திருக்கேன்."

"தெரியும்."

"அப்புறம் என்ன?"

"ஒரு தடவை பார்க்காம விட்டுட்டேன்ல," என்றாள் போட்டோக்கா. கடைசிப் படிவரை பார்த்து முடித்தாள். ஏணி காலியாக இருந்தது. திரும்பி வந்து பெட்டியின் மேல் தங்கைக்குப் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, மிச்சமிருந்த டீயை எடுத்துக் குடித்தாள்.